தோசையைச் சுத்தி ஊத்துற எண்ணெய்

எடுத்துக்குங்க அக்கா, வீட்டுல சுட்ட முறுக்குதான். வேண்டாங்களா? ஒண்ணே ஒண்ணு. அதுவும் வேண்டாங்களா? ஓ, டயட்டுங்களா.

போன்ல எழுதறீங்களா, காலையில என்ன, மத்தியானம் என்னன்னு? சரி, அதுல எண்ணெயை எழுதறீங்களா?

சிரிக்காதீங்க அக்கா, நெசமாத்தான் கேக்கறேன். ரெண்டு தோசைன்னு எழுதுவீங்க. தோசையைச் சுத்தி ஊத்துன எண்ணெயை எழுத மாட்டீங்க. கத்திரிக்காய்ப் பொரியல்னு எழுதுவீங்க, கத்திரிக்காய் குடிச்ச எண்ணெயை எழுத மாட்டீங்க. சட்னிக்குத் தாளிச்சது, பொடிக்குக் குழைச்சது, குழம்புல மேலாப்புல மிதக்குதே அது, எல்லாம் வயித்துக்குள்ளதான் போகுது. கணக்குல மட்டும் வராது. நான் எட்டாவது வரைக்கும்தான் படிச்சிருக்கேன். ஆனா இந்த ஒரு விஷயத்தை எங்கிட்டக் கேளுங்க. எங்க வீட்டுல ஒரு கல்யாணமே இதனாலதான் கூடி வந்துது.

முன்னப்பின்ன தெரியாதவங்ககிட்ட நான் இப்படிப் பேசறதே இல்லீங்க. ஆட்டோக்காரர் வேற தெருவுல கொண்டுபோய் விட்டாக்கூட இறங்கி நடந்துருவேனே தவிர, வாயைத் திறந்து ஒண்ணு சொல்ல மாட்டேன். இன்னிக்கு ஏனோ வருது. பஸ்ஸு திருப்பூர் போய்ச் சேர்ற வரைக்கும் சும்மாத்தானே உக்காந்திருக்கணும். இவளும் தூங்கிட்டா. என் பொண்ணுங்க, இனியா.

எங்க வீட்டுக்காரரோட தங்கச்சியைப் பார்க்கத்தான் போறோம். கோகிலவாணின்னு பேரு. வாணின்னு கூப்பிடுவோம். திருப்பூர்ல கட்டிக் குடுத்திருக்குது. பனியன் கம்பெனிக்காரங்க. மாடி வீடு, வாசல்ல ரெண்டு காரு. அந்த இடம் அவளுக்கு அமைஞ்சதுக்கு யார் காரணம்னு நினைக்கறீங்க?

சொல்றேன், சொல்றேன். இருங்க.

எங்களுக்குக் காங்கேயத்துல எண்ணெய் மில்லுங்க. மாமாவோடது, என் மாமனாரோடது. கடலையும் ஆட்டுவாங்க, கொப்பரையும் ஆட்டுவாங்க. மில்லுல ஒரு சொட்டு கீழே சிந்துச்சுன்னா மாமா சத்தம் ரோட்டுக்குக் கேக்கும். அதே மாமா வீட்டுக்கு வந்து உக்காந்தா, குழம்புல எண்ணெய் மிதக்கலைன்னா சத்தம் போடுவாங்க. "என்ன சுகுணா, எண்ணெய் மில்லுக்காரன் வீட்டுக் குழம்பாட்டமா இருக்குது இது? கஞ்சித்தொட்டியாட்டம் இருக்குது"ம்பாங்க. சுகுணாங்கறது நான்தானுங்க. எங்க வீட்டுல எண்ணெய் கடையில வாங்கற சாமானம் இல்லை பாருங்க. டிரம்முல வரும், தூக்குல மொண்டு ஊத்துவோம். ஸ்பூனுன்னு ஒண்ணு எண்ணெய்க்குள்ள போனதே இல்லை. "நம்ம எண்ணெய் சுத்தம், உடம்புல ஒட்டாது"ன்னு மாமா சொல்லுவாங்க. நானும் அப்படித்தான் நம்பிக்கிட்டிருந்தேன். தண்ணி மாதிரி நினைச்சுக்குங்க. தண்ணி குடிச்சா யாராவது சாப்பிட்டேன்னு சொல்லுவாங்களா?

போன வருசம் சித்திரையில வாணியைப் பார்க்க வந்தாங்க. மாப்பிள்ளையோட அம்மா ரொம்ப மரியாதைக்காரங்க. எதையும் முகத்துக்கு நேரா சொல்ல மாட்டாங்க. காப்பியைக் குடிச்சுட்டு, "பொண்ணு மகாலட்சுமியாட்டம் இருக்குது. கொஞ்சம் எளைச்சா போட்டோவுக்கு எடுப்பா இருக்கும். ஆவணி வரைக்கும் பார்க்கலாமுங்க. அதுக்கு மேல எங்களுக்கும் வேற சாதகம் ரெண்டு வந்திருக்குது"ன்னாங்க. மாமா உடனே, "எளைச்சுருவாளுங்க, அதுக்கு நான் பொறுப்பு"ன்னாங்க. லோடு ஏத்தி அனுப்பறேன்னு சொல்றாப்லயே சொன்னாங்க.

அவங்க கார் கிளம்பினதும் வாணி வந்து நின்னா. "அப்பா, எனக்குக் கோயமுத்தூர்ல மேல படிக்க இடம் கிடைச்சிருக்குது. ஆவணியில சேரணும்"னா. மண்ணைப் பத்தின படிப்பாம். எந்த மண்ணுல என்ன சத்து இருக்குதுன்னு பார்க்கறதாம். எனக்கு உள்ளுக்குள்ள சிரிப்பு. மண்ணைப் பார்க்கறதுக்கு எதுக்குங்க காலேஜு? நம்ம தோட்டத்துலயே கிடக்குதே.

மாமாவுக்குக் கோவம் வரலை. நல்ல மனநிலையில இருந்தாங்க. "இந்த இடம் அமைஞ்சா கல்யாணம். அமையலைன்னா நீ போய்ப் படி அம்மிணி, நான் குறுக்கே நிக்கலை"ன்னாங்க.

"நெசமாவாப்பா?"

"சாமி சத்தியமா."

"அப்பச் சரி. எளைச்சுக் காட்டறேன்"னா. அவ்வளவுதான். ஒரு அழுகை இல்லை, ஒரு மூஞ்சி தூக்கல் இல்லை. தங்கமான பிள்ளைங்க.

அன்னிக்கே போன்ல அந்தக் கேலரிக் கணக்கை ஏத்திக்கிட்டா. தட்டுல வர்றதை எல்லாம் எழுதுவா. இட்லி ரெண்டு, பொடி ஒரு ஸ்பூன். தோசை ஒண்ணு, சட்னி ஒரு கரண்டி. பொய்யே கிடையாது. சாயங்காலம் மொட்டை மாடியில நடை. வெள்ளிக்கிழமையானா மில்லுல எடை. கொப்பரை மூட்டை போடற தராசுங்க, அதுலதான் ஏறி நிப்பா. மாமா கண்ணாடியை மாட்டிக்கிட்டுக் குனிஞ்சு பார்ப்பாங்க. மில்லு ஆளுங்க அக்கட்டால திரும்பிக்குவாங்க, சிரிப்பை அடக்க முடியாம.

குறையவே இல்லீங்க. ஒரு வாரம் அரைக்கிலோ ஏறிக்கூட இருந்துது.

"என்ன அம்மிணி இது, பட்டினியாக் கிடக்கறே, தராசு அசைய மாட்டேங்குதே"ன்னு மாமா திகைச்சுப் போவாங்க. அத்தை, என் மாமியாரு, "என்னோட உடம்பு வாகு அவளுக்கு வந்திருக்குது. பச்சைத் தண்ணி குடிச்சாலும் ஏறற உடம்பு"ன்னு கண்ணைத் தொடைச்சுக்குவாங்க. வீட்டுக்காரர் தைராய்டு டெஸ்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போனார். ஒண்ணும் இல்லைன்னுட்டாங்க. வாணி மட்டும் சிரிச்ச முகமாவே இருப்பா. "விடுங்கப்பா, நான் என்ன பண்றது, முயற்சி பண்றேன்ல"ம்பா. எனக்கு அவளைப் பார்த்தா அவ்வளவு பாவமா இருக்கும். இத்தனை கஷ்டத்துலயும் எப்படி சிரிக்கறா பாருன்னு.

அதுவரைக்கும் அடுப்படிக்குள்ளயே வராதவ, அப்பத்தான் வர ஆரம்பிச்சா. "நங்கையா, நான் தாளிக்கறேன், நீங்க பாப்பாவைப் பாருங்க." எங்க பக்கம் அண்ணியை நங்கைன்னுதான் கூப்பிடுவாங்க. "நங்கையா, என் தோசையை நானே ஊத்திக்கறேன், நீங்க போய்ப் படுங்க." மனசுக்குள்ள நினைச்சுக்குவேன், போற இடத்துல நல்ல பேர் எடுக்கணும்னு பழகறாளாட்டம் இருக்குதுன்னு. அவ ஊத்தற தோசை மொறுமொறுன்னு, ஓரமெல்லாம் வறுத்தாப்ல இருக்கும். பொடியைக் குழைச்சான்னா பொடி கண்ணுக்குத் தெரியாது, எண்ணெய்தான் தெரியும். எங்க வீட்டுல அதை யாருங்க கவனிப்பாங்க? எல்லார் கண்ணும் தோசை எத்தனைங்கறதுலதான். ரெண்டாவது தோசைக்குக் கை போனா அத்தை இருமுவாங்க.

அப்புறம் ஆடி பொறந்துருச்சு. மாப்பிள்ளையோட அம்மாவே போன் பண்ணி, "எங்களுக்குத் தெரிஞ்ச டயட் மேடம் இங்க இருக்காங்க, ஒரு தடவை காட்டிருங்க"ன்னாங்க. அத்தைக்கு மூட்டு வலி. அதனால துணைக்கு நான் போனேன், இவளையும் இடுப்புல வெச்சுக்கிட்டு.

ஏசி ரூமு. மேடம் சின்ன வயசு. வாணியோட போனை வாங்கித் தள்ளித் தள்ளிப் பார்த்தாங்க. "எல்லாம் சரியா எழுதியிருக்கீங்க. எண்ணெய் எங்கம்மா?"ன்னாங்க.

"எண்ணெய் கம்மிதாங்க மேடம்"னு வாணி பட்டுன்னு சொன்னா.

மேடம் என் பக்கம் திரும்பினாங்க. "நீங்கதான் சமைக்கறீங்களா? ஒரு நாளைக்கு எத்தனை ஸ்பூன் ஆகும்?"

நான் குனிஞ்சு பாப்பா சட்டையை இழுத்து விட்டுக்கிட்டிருந்தேன். வாணி என் கையை மேசைக்கு அடியில அழுத்தினா. பயப்படாதீங்க நங்கையான்னு தைரியம் குடுக்கறா போலன்னு எடுத்துக்கிட்டேன். அந்தத் தைரியத்துலதான் சொன்னேன். "ஸ்பூனெல்லாம் இல்லீங்க. தூக்குல இருந்து ஊத்தறதுதானுங்க. எங்களுக்கு எண்ணெய் மில்லுங்க."

மேடம் பேனாவைக் கீழே வெச்சுட்டுச் சிரிச்சாங்க பாருங்க. அப்புறம்தான் விளக்கினாங்க. ஒரு பெரிய ஸ்பூன் எண்ணெய்ல நூத்தி இருபது கேலரியாம். ரெண்டு இட்லிக்கு மேல. அது சுத்தமான எண்ணெயா இருந்தாலும் அதேதானாம், ஒட்டாத எண்ணெய்னு ஒண்ணு உலகத்துலயே இல்லையாம். "கண்ணுக்குத் தெரியாமப் போற சாப்பாடுங்க இது. இதை மட்டும் அளந்துட்டா பொண்ணு தன்னால எறங்கிரும்"னாங்க.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துருச்சு. இத்தனை நாளா இந்தப் பிள்ளை பாவம் பட்டினி கிடக்குது, நாமளே அது தட்டுல இட்லி இட்லியா ஊத்திக்கிட்டு இருந்திருக்கோமேன்னு.

திரும்பி வர்றப்பவும் இதே மாதிரி பஸ்ஸுதான். வாணி என் கையைப் பிடிச்சுக்கிட்டா. "நங்கையா, அந்த மேடம் சொன்னதை வீட்டுல சொல்ல வேண்டாம்."

"ஏன் கண்ணு?"

"அப்பாவுக்கு நம்ம எண்ணெயைக் குத்தம் சொன்ன மாதிரி ஆயிரும். வேண்டாம் நங்கையா. எனக்காக. பாப்பா தலை மேல சத்தியம் பண்ணுங்க, சொல்ல மாட்டேன்னு."

பண்ணினேன். அப்பா மனசு கோணக் கூடாதுன்னு தன்னோட வாழ்க்கையே போனாலும் பரவாயில்லைன்னு நினைக்கற பிள்ளையை எங்கங்க பார்க்க முடியும்?

நான் சொல்லலைங்க. இன்னி வரைக்கும் வீட்டுல ஒருத்தர்கிட்டயும் சொல்லலை. சத்தியம் சத்தியம்தான். ஆனா சொல்ல மாட்டேன்னுதானே சத்தியம்? செய்ய மாட்டேன்னு இல்லையே!

மறுநாளே ஆரம்பிச்சேன். அவளுக்குன்னு தனிக் கல்லு. பாதி வெங்காயத்தை எண்ணெய்ல தொட்டுத் தேய்ச்சா போதும், தோசை எழும்பி வந்துரும். பொரியலை ஆவியில வேகவெச்சு எடுத்துருவேன். எல்லாருக்கும் தாளிக்கறதுக்கு முன்னாடி அவ பங்கைத் தனியா எடுத்துருவேன். பொடியை மோர்ல குழைச்சு வெச்சுருவேன். எண்ணெய் டிரம்மை சாமான் ரூமுக்குள்ள தள்ளிப் பூட்டி, சாவியை இடுப்புல செருகிக்கிட்டேன்.

"நங்கையா, எண்ணெய் எங்க?"ன்னு வந்து நின்னா.

"தீர்ந்துபோச்சு கண்ணு."

"எண்ணெய் மில்லு வெச்சிருக்கற வீட்டுல எண்ணெய் தீர்ந்துபோச்சா?"

எனக்குப் பொய் வராதுங்க. மூஞ்சி செவந்துரும். நல்லவேளையா இனியா அழுதா, தூக்கிக்கிட்டு வெளியே ஓடிட்டேன். அதுக்கப்புறம் அவளை அடுப்படிக்குள்ளயே விடலை. கல்யாணப் பொண்ணு புகையில நிக்கக் கூடாது, முகம் கறுத்துரும்னு அத்தைகிட்டச் சொன்னேன். அத்தை நான் சொன்ன ஒரு பேச்சைக் கேட்டாங்கன்னா அது அன்னிக்குத்தான். வாணியைக் கையைப் பிடிச்சு வெளியே கூட்டிக்கிட்டுப் போய் டிவி முன்னாடி உக்கார வெச்சுட்டாங்க.

எறங்குச்சு பாருங்க! அடுத்த வெள்ளிக்கிழமையே தெரிஞ்சுருச்சு. மாமா தராசுக்கிட்ட நின்னு கையைத் தட்டறாங்க. வாணி மூஞ்சி வெளுத்துப்போச்சு. எண்ணெய் கம்மியானா முகத்துல தெரியுமாட்டம் இருக்குது.

"தராசு சரியா இருக்குதாப்பா?"ன்னா.

"எந்தத் தராசைச் சொல்றே? ஊர் வியாபாரமே இதை நம்பித்தான் நடக்குது!"

அவ விடலைங்க. ஒரு கொப்பரை மூட்டையை ஏத்திப் பார்க்கச் சொன்னா. மூட்டை சரியாத்தான் இருந்துது. அன்னிக்கு ராத்திரிச் சாப்பாட்டுல அவ மூணாவது தோசை கேட்டா. அவ தட்டைப் பார்த்துக்கிட்டு வீட்டுல நாலு பேர் உக்காந்திருக்கோம். "ஆவணி நெருங்குது, இப்பப் போயா?"ன்னு எங்க வீட்டுக்காரர் ஒரு வார்த்தைதான் சொன்னார். தட்டை வெச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டா. மருந்து சாப்பிடறப்ப குழந்தைங்க முரண்டு பிடிக்கறதில்லையா, அந்த மாதிரின்னு நினைச்சுக்கிட்டேன். எனக்குத்தான் கஷ்டமா இருந்துது, ஆனா விடலை. நம்ம பிள்ளைன்னா விட்டுருவோமா?

ஆடி முடியறதுக்குள்ள மாப்பிள்ளையோட அம்மா வந்து பார்த்துட்டுச் சரின்னுட்டாங்க. ஆவணி கடைசி முகூர்த்தம். மண்டபம் நிறைஞ்ச கூட்டம். வந்தவங்களெல்லாம், "வாணியா இது!"ன்னு மூக்கு மேல விரலை வெச்சாங்க. மாமா, "சொன்னா சொன்னபடி செஞ்சு குடுத்தேன்"னாங்க. அத்தை, "சென்னிமலை முருகனுக்கு நான் வேண்டிக்கிட்டது"ன்னாங்க. வீட்டுக்காரர், மொட்டை மாடியில நடக்க வெச்சது தான்தான்னார். ஒருத்தரும் என் பக்கம் திரும்பலைங்க. பெருமைக்காகச் சொல்லலை. ஆனா அவளுக்காவது தெரியணுமா இல்லையா?

அலங்காரம் பண்ற ரூமுல மத்தவங்க வெளியே போனதும் மெதுவா காதுல சொன்னேன். "வாணி, எண்ணெயைக் குறைச்சது நான்தான் கண்ணு. யாருக்கும் தெரியாம."

அவ கண்ணாடியில என்னையே பார்த்தா. "எப்ப இருந்து?"

"மேடத்தைப் பார்த்துட்டு வந்தோம்ல, மறுநாள்ல இருந்து."

"எனக்காகவா?"

"பின்னே யாருக்கு?"

சிரிச்சா பாருங்க அக்கா. அப்படி ஒரு சிரிப்பு. கண்ணுல மையெல்லாம் கரைஞ்சு ஓடுது, சிரிப்பு நிக்கலை. கல்யாணத்தன்னிக்குப் பொண்ணுங்க அழுவாங்க, இவ சிரிச்சா. அப்புறம் கேட்டா, "நங்கையா, வீட்டுல சொல்ல வேண்டாம்னு நான் ஏன் சத்தியம் வாங்கினேன்னு ஒரு தடவையாவது யோசிச்சீங்களா?"

"யோசிக்காம இருப்பேனா? அப்பா மனசு கோணக் கூடாதுன்னுதானே?"

முந்தானையில முகத்தைத் தொடைச்சுக்கிட்டு, "ஆமாம் நங்கையா, அதுக்குத்தான்"னா. மேளச் சத்தம் கேட்டுச்சு, கூட்டிக்கிட்டுப் போயிட்டாங்க.

நல்ல இடம்தானுங்க. மாமியாரு அவ்வளவு அக்கறை. இப்ப அந்தக் கேலரிக் கணக்கை அவங்களே தங்களோட போன்ல எழுதறாங்க. மருமக தட்டை வெச்சுட்டு எந்திரிச்சதும் உக்காந்து எழுதுவாங்களாம். எண்ணெய் மொதக்கொண்டு! அந்த மேடம் அவங்களுக்கும் சொல்லிக் குடுத்திருக்காங்க. எந்த மாமியாருங்க இந்தக் காலத்துல மருமகளுக்காக இவ்வளவு மெனக்கெடறாங்க? படிக்கப் போறேன்னு வாணி ஒரு தடவை கேட்டாளாம். ஒரு குழந்தை பொறக்கட்டும், அப்புறம் பார்க்கலாம்னாங்களாம். நியாயம்தானே. என்னையெல்லாம் எட்டாவதுல நிறுத்தினப்ப யார் வந்து கேட்டாங்க, உனக்குச் சம்மதமான்னு? இப்ப நான் நல்லா இல்லாம போயிட்டேனா?

ஒரே ஒரு குறைதான். எங்கிட்ட மட்டும் பேச மாட்டேங்கறா. வீட்டுக்கு வந்தா அத்தைகிட்டப் பேசறா, அண்ணன்கிட்டப் பேசறா. நான் தண்ணி கொண்டுபோய்க் குடுத்தா வாங்கி வெச்சுக்கறா. போன் பண்ணினா "ம்"ங்கறா, "சரி"ங்கறா. நான் என்ன தப்புப் பண்ணினேன்னு எனக்குப் புரியலை. நீங்க படிச்சவங்களாட்டம் தெரியுது, உங்களுக்காவது ஏதாவது தோணுதுங்களா?

இல்லீங்களா. சரி.

போன வாரம் அவளே கூப்பிட்டா. அதனாலதான் மனசு கேக்காம இன்னிக்குக் கிளம்பினேன். மத்தியான நேரம். "நங்கையா, இனியா சாப்பிடறாளா?"ன்னா. எனக்குச் சந்தோசம் தாங்கலை. "சாப்பிடறா கண்ணு, பருப்புஞ்சோறு, நெய் ஊத்தி"ன்னேன்.

"எவ்வளவு ஊத்தறீங்க?"

"ஒரு ஸ்பூன். நான் எல்லாத்தையும் இப்ப அளந்துதான் ஊத்தறேன்."

அதுக்கு அவ சொன்னா, "நிறைய ஊத்துங்க நங்கையா. அளக்காதீங்க. அவளை யாரையும் அளக்க விடாதீங்க."

அத்தைக்காரி பாசம் எங்க போகும், பாருங்க. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. "சரி கண்ணு. ஆனா உங்க அண்ணன் இப்பவே சொல்றார், இவ உன்னாட்டமே பூசினாப்ல வர்றா, சின்னதுல இருந்தே கவனிச்சாத்தான் நாளைக்கு ஒரு நல்ல இடம் வர்றப்ப சிரமம் இருக்காதுன்னு"ன்னேன்.

அதுக்குள்ள போன் நின்னுபோச்சு. திரும்பத் திரும்பப் போட்டேன், எடுக்கலை. அந்த வீட்டுல உள் ரூமுல டவரே கிடைக்காதுங்க அக்கா.